ஹாஸ்டலில் இருந்து வந்த மகன் படுக்கையை நனைக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. படுக்கையில் சிறுநீர் போவது ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. ஜூனில் வெளியூர் ஹாஸ்டலில் சேர்த்தோம். காலாண்டு லீவுக்கு வந்ததில் இருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் படுக்கை நனைகிறது, விடியற்காலையில் அலறிக்கொண்டு எழுகிறான், கேட்டால் வாயே திறப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று அவன் அப்பா அடிக்கிறார். மாமியார் மந்திரித்துத் தாயத்து கட்டினார். சூடு வைத்தால் நின்றுவிடும் என்று வேறு சொல்கிறார்கள். - குடியாத்தம் வாசகி

பதில்: அம்மா, முதலில் சூடு. வைக்கவே கூடாது, வைப்பேன் என்று மிரட்டவும் கூடாது. தூக்கத்தில் போகும் சிறுநீர் அவன் கட்டுப்பாட்டில் இல்லை, அதனால் அடியும் சூடும் பயத்தைத்தான் கூட்டும். தாயத்து இருந்தால் இருக்கட்டும், மாமியாரோடு அதற்காகச் சண்டை வேண்டாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பிறந்ததில் இருந்தே நிற்காத பிள்ளைகள் உண்டு, அதில் பெரும்பாலும் பரம்பரை இருக்கும், பெரிய பயம் இல்லை. உங்கள் மகன் கதை வேறு. எட்டு வருடம் நின்றிருந்தது திரும்ப வந்திருக்கிறது என்றால் உடம்பிலோ மனதிலோ புதிதாக ஏதோ நடந்திருக்கிறது.

உடம்பை நாளைக்கே பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை, இரண்டும் குடியாத்தம் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். இந்த வயதில் வரும் சர்க்கரை நோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தெரியும். அடங்காத தாகம், எடை குறைவு, சோர்வு இருக்கிறதா என்று பாருங்கள். வாந்தியோ மூச்சு வாங்குவதோ சேர்ந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மலச்சிக்கல், பலத்த குறட்டை, தூக்கத்தில் கைகால் வெட்டி இழுப்பது, நாக்கைக் கடித்துக்கொள்வது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கேள்வி முடியவில்லை. ஹாஸ்டல் போனான், அப்புறம் கெட்ட கனவு வருகிறது, பேச மறுக்கிறான். வீட்டு ஏக்கமாகவும் இருக்கலாம். சீனியர் பையன்கள் அடித்திருக்கலாம், யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டிருக்கலாம். ஆண் பிள்ளைக்கு அப்படியெல்லாம் நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எதிரே உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, முகத்தைப் பார்க்காமல், "அங்க யாராவது உன்ன கஷ்டப்படுத்தினாங்களா? என்ன நடந்திருந்தாலும் உன்ன திட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அன்றைக்கே சொல்லமாட்டான், நாலு நாள் கழித்துச் சொல்லலாம். சொன்னால் குறுக்கே கேள்வி கேட்காமல் முழுக்கக் கேளுங்கள், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், பிள்ளைகளைப் பாலியல் குற்றத்தில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் பையன்களுக்கும் உண்டு.

ராத்திரிக்கு என்ன செய்வது? பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் சொம்பு சொம்பாகக் குடிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். வேலூர் வெயிலுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லவே மாட்டேன், பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து மட்டும் குறைக்கட்டும். சாயங்காலம் டீ, கோலா வேண்டாம். படுக்கும் முன் ஒரு முறை, கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை சிறுநீர் கழிக்கட்டும். மெத்தை மேல் ரப்பர் ஷீட், தலைமாட்டில் மாற்றுத் துணி. நனைந்தால் அவனே மாற்றிக்கொள்ளட்டும், சத்தமில்லாமல், தண்டனையாக இல்லாமல். சித்தப்பா பிள்ளைகள் காதுக்குப் போகவே கூடாது. சிறுநீரைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது, ஆனால் அதைப் போட்ட ராத்திரி அதிகம் தண்ணீர் குடித்தால் உடம்பில் உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

அலறி எழுந்தால் விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், கனவை அப்போது கிளற வேண்டாம். மறுநாள் வெளிச்சத்தில் அவனுக்கு இஷ்டமிருந்தால் சொல்லட்டும், அந்தக் கனவின் முடிவை அவனே மாற்றி, தினம் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கட்டும். இதற்குப் பலன் உண்டு.

இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால், சாப்பிடாமல் ஒதுங்கி இருந்தால், மனநல மருத்துவரிடம் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் இருக்கிறது. சாகணும் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பையன் அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். என்ன நடந்தது என்று தெரியும் வரை, ஃபீஸ் கட்டியாயிற்றே என்பதற்காக ஹாஸ்டலுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.