இழுத்து வரலாமா, ஏற்றி வரலாமா?

கேள்வி: அக்கரைப்பற்றில் ஒரு வளவுக்குள் பல வருடமாக நிற்கும் மொரிஸ் மைனர் காரை வாங்கப்போகிறேன். கயிறு கட்டி மட்டக்களப்புக்கு இழுத்து வரலாமா?
— வாசகர், கல்லடி

பதில்: வேண்டாம். மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ் ட்ரனியன் (சில்லு திரும்ப இடம்கொடுக்கும் புரியுள்ள மூட்டு) கிறீஸ் காணாமல் கிடந்தால் புரி தேய்ந்து, ஓட்டத்திலேயே கழன்று சில்லு மடங்கிவிடும். பிரேக்கும் இறுகியிருக்கும். தட்டையான லொறியில் ஏற்றுங்கள். கார் ஏறத்தாழ 750 கிலோதான், நீளம் பன்னிரண்டரை அடிக்குள்.

அதற்கு முன், பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ், எஞ்சின் இலக்கங்களைக் காரோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம்: 1952இலிருந்து 1956 வரை 803 சிசி, பிறகு 948, 1962இலிருந்து 1098. மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்காவிட்டால் பெயர் மாற்றம் இழுபடும். கடற்கரைக் கார் என்பதால் கதவடி விளிம்பையும் பின் ஸ்பிரிங் பொருந்தும் இடங்களையும் ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். புதுப் பெயின்ற் அடித்திருந்தால் இன்னும் அழுத்திக் குத்துங்கள்!

ஏற்றும்போது பெற்றோலை வடித்து, பற்றரி வயரைக் கழற்றி, டயர்களுக்குக் காற்றடியுங்கள். சில்லு சுற்றாவிட்டால் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள், சங்கிலியால் பிடுங்க வேண்டாம். பட்டிகளை நான்கு டயர்களின் மேலால் போட்டு இறுக்குங்கள். பம்பரில் கட்டினால் காரின் பொடி ஸ்பிரிங்கில் ஆட ஆடப் பட்டி தளரும், பம்பரும் வளையும். கல்முனை தாண்டமுன் ஒருதரம் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.