நாலு வரிதான் எழுதுகிறார் என்று வருந்தாதீர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உங்களோடு தங்கியிருந்த, மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர், மதத்தைப் பரப்பும் ஊழியத்துக்காகப் பிரேசிலுக்குப் போனபின் வாரம் நாலு வரிதான் எழுதுகிறார், மறந்துவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். மறக்கவில்லை, நேரமில்லை. வாரத்தில் ஒருநாள்தான் ஊழியத்துக்கு இடைவேளை. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, கடிதம் எல்லாம் அதற்குள். வீட்டாரோடு வாராவாரம் பேசவே 2019-இல்தான் அனுமதி வந்தது. அதுவரை வருஷத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். மற்ற நாளெல்லாம் ஜோடி ஊழியரோடு தெருத்தெருவாக நடை. என் அறைத்தோழன் இதே ஊழியத்தை இரண்டு வருஷம் முடித்து வந்தபோது ஷூவின் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்து, அடிப்பாகத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தான்.

சரி, நீங்கள் நீளமாகவே எழுதுங்கள். பெரும்பாலும் திங்கள்தான் அந்த இடைவேளை நாள். ஞாயிறு இரவே அனுப்பிவிடுங்கள்.