மாடியில் ஒரே ஒரு போர்ஷன்: வீட்டு உரிமையாளர்களின் வாடகைச் சட்டக் கேள்விகள்

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. பதில்கள் எல்லாம் அதை ஒட்டியவை.

கேள்வி: கீழே நாங்கள், மாடியில் ஒரு குடித்தனம். ஒரு வீடு மட்டும் விடுகிறவருக்கும் இந்தச் சட்டம் உண்டா?

உண்டு. எத்தனை வீடு என்ற கணக்கே அதில் இல்லை.

கேள்வி: 11 மாத அக்ரிமெண்ட்தான் போட்டிருக்கிறோம். பதிவு தேவையில்லை என்று புரோக்கர் சொல்கிறார், சரியா சார்?

பாதி சரி. ஓராண்டுக்கு மேற்படாத அக்ரிமெண்ட்டை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வாடகைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்வது வேறு பதிவு. அது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் செய்வது. 11 மாதமானாலும் அது வேண்டும். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டுதான் பலர் மாட்டுகிறார்கள்.

அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இரு தரப்பின் பெயர், முகவரி, பான், ஆதார் எண், வீட்டின் விவரம், குடிவந்த தேதி, வாடகை, இதரக் கட்டணம், காலவரை எல்லாம் நிரப்பி, அக்ரிமெண்ட் நகலை இணைக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பதிவெண் கிடைக்கும். பதியாத அக்ரிமெண்ட்டைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்கிறது 4-ஏ பிரிவு. நாளைக்கு வழக்கு என்று போனால் முதல் அடி அங்கேதான் விழும்.

கேள்வி: 10 மாத அட்வான்ஸ் வாங்கலாமா?

வேறு விதமாக உடன்பாடு இல்லாவிட்டால், உச்சவரம்பு 3 மாத வாடகை. கூடுதலாக வாங்குவதானால் தொகையை அக்ரிமெண்ட்டில் தெளிவாக எழுதுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட வேண்டும். அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்பதெல்லாம் எடுபடாது.

கேள்வி: போகும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம்தானே?

வழக்கம்தான், ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னல் பெயிண்டையும் வீட்டுக்காரர் கணக்கில்தான் வைக்கிறது. கட்டட ரிப்பேர், பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவையும் உங்களுடையவை. குழாய், வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கழிவறை, கீசர் ரிப்பேர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. பெயிண்டிங்குக்குப் பிடிக்க வேண்டுமானால் முன்பே அக்ரிமெண்ட்டில் எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிப் பிடித்தால் தகராறுதான் மிஞ்சும். குடிவரும் அன்றே அறை அறையாக போட்டோ எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று மாத வாடகை பாக்கி. மோட்டாரை நிறுத்திவிட்டால் தானாகக் காலி செய்வார் என்கிறார்கள்.

செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, பார்க்கிங் எல்லாமே அத்தியாவசிய சேவைகள். நிறுத்தினால் அவர் வாடகை அதிகாரியிடம் போவார், உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். பாக்கிக்காரர் அவர், பதில் சொல்ல நிற்பது நீங்கள் என்றாகிவிடும்.

சரியான வழி இது: இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். எந்த மாதம், எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்து, கையெழுத்திட்டு, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வெறும் வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டிவிட்டால் வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் 21-வது பிரிவின்கீழ் மனு போடலாம். ஒருமுறை இப்படித் தப்பியவர், அதன்பின் ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் அந்தச் சலுகை மறுபடி கிடையாது. அதனால் முதல் நோட்டீஸின் நகலையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து இருக்கிறார்கள். எழுத்தில் எதுவுமே இல்லை. அக்ரிமெண்ட் என்றாலே பேச்சை மாற்றுகிறார்கள்.

அக்ரிமெண்ட் போட வராததே காலி செய்யக் கோரும் மனுவுக்கு ஒரு காரணம், 21(2)(ஏ) பிரிவின்படி. நீங்கள் எழுதிய அக்ரிமெண்ட் வரைவின் நகலை இணைத்து, இத்தனை நாளுக்குள் கையெழுத்திடவும் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள். சந்தைக்குச் சம்பந்தமில்லாத வாடகையைக் கேட்டு வைத்தால், தடையாக இருப்பது நீங்கள்தான் என்று வாதிட அவர்களுக்கு வழி கிடைக்கும்.

கேள்வி: காலவரை முடிந்தும் இருக்கிறார். நானும் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் நீடித்ததாகக் கருதப்படும், அதிகபட்சம் 6 மாதம். அதற்கு மேலும் ஓட விடாதீர்கள். புதிதாக எழுதிப் பதியுங்கள், அல்லது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள். காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம்.

கேள்வி: வீட்டைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் போகலாமா?

24 மணி நேரம் முன்பு தெரிவித்துவிட்டுப் போங்கள். சாவி உங்களிடம் இன்னொன்று இருந்தாலும் அப்படித்தான்.