வண்டியை எங்கே போட?

அன்புள்ள அண்ணாச்சி,

நான் புளியரைக்காரன். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆடி ஞாயிறு ஒன்றில் ஐந்தருவிச் சாலையில் மாட்டிக்கொண்டு, வண்டி போட இடம் கிடைக்காமல், அருவிக்குக் காருக்குள் இருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதம்.

பார்க்கிங் இடம் காட்டும் ஒரு ஆப் செய்யலாம் என்று இருக்கிறேன். குற்றாலம், தென்காசி, செங்கோட்டை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரைக்கும். எங்கே இடம் காலி என்று மேப்பில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். வண்டியை எடுத்துக் கிளம்புகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பவருக்குத் தகவல் போகும். காலிமனை வைத்திருப்பவர்களும் சேர்ந்துகொள்ளலாம். வண்டிக்கு ஐந்து ரூபாய் எனக்குக் கமிஷன். தரையில் சென்சார் பதிப்பது பற்றியும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் மூன்று லட்சம் கேட்டேன். "எழுதுற அண்ணாச்சிகிட்டக் கேளு, அவுக அப்பா ஸ்டாண்டு வச்சிருந்தவுக" என்கிறார். இது ஓடுமா, அண்ணாச்சி?

பெயர் போட வேண்டாம்.
புளியரை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பாவுக்கு நல்ல ஞாபகம். செங்கோட்டை ரயில் நிலையத்துப் பக்கம் என் அப்பா சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். மீட்டர்கேஜ் காலம். பண்பொழியில் இருந்தும் வடகரையில் இருந்தும் மிதித்து வருகிறவர்கள் சைக்கிளை எங்களிடம் விட்டுவிட்டுக் கொல்லம் வண்டியைப் பிடிப்பார்கள். தகரத்தில் எண் அடித்த வில்லை, ஒரே எண்ணில் இரண்டு. ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், இன்னொன்று சைக்கிள்காரரின் மடியில் இருக்கும். வில்லையைக் கையில் கொடுக்கும் முன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எப்ப எடுப்பீய?"

மத்தியான வண்டியில் திரும்புகிறவர் சைக்கிள் வாசலோரம். ராத்திரி வண்டிக்காரர் சைக்கிள் சுவரோரம், மூன்றாவது வரிசை. நாளைக்குத்தான் என்றால் பின்கட்டு. "எப்பன்னு சொல்ல முடியாது" என்பவருக்கு முகத்தைப் பார்த்து ஓர் இடம்.

ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான், கேள்வி எதுவும் கேட்காமல் வந்த வரிசைக்கே அழகாக அடுக்கி வைத்தேன். சாயங்கால வண்டி வந்தது. ஒரு சைக்கிளை உருவ முன்னால் நின்ற பதினாலை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் பெடல் இன்னொருவர் ஸ்போக்கில் மாட்டி இரண்டு கம்பி போனது. அப்பா திட்டவில்லை. கம்பிக்குக் காசு கொடுத்தார். அந்த வாரம் எனக்கு சினிமா கிடையாது.

இதைச் சொந்தக் கதை சொல்லும் ஆசையில் மட்டும் எழுதவில்லை. உங்கள் திட்டத்தில் எங்கே இடம் என்று இருக்கிறது. எப்போது எடுப்பார் என்பது எங்கேயும் இல்லை. வண்டி நிறுத்தும் தொழில் முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நடக்கிறது.

உங்கள் பச்சைப் புள்ளியை எடுத்துக்கொள்வோம். சீசன் ஞாயிறு, காலை பதினோரு மணி, பேரருவிக்குப் போகும் வழி. ஒரு இடம் காலியாகிறது, ஆப் காட்டுகிறது. நீங்கள் மூன்று நிமிஷம் ஊர்ந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் கே.எல். 25 இன்னோவா ஒன்று ஏறி நின்றிருக்கும். அந்தப் புனலூர்க்காரரிடம் உங்கள் ஆப்பே இருக்காது. இடம் காலி என்று சொல்வது லேசு. நீங்கள் வரும்வரை அதைக் காலியாக வைத்திருப்பது யார்? நெருக்கடியான நாளில் அதற்கு விசில் ஊதும் ஒரு ஆளோ ஒரு கயிறோ வேண்டும். பொதுச்சாலையில் கயிறு கட்ட உங்களுக்கு உரிமை கிடையாது.

அமெரிக்காவில் இதை முயன்றிருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 2014ல் மங்கி பார்க்கிங் என்று ஒரு ஆப். குற்றாலத்துக்கே வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. நம்மூர்க் குரங்கு வைப்பரைப் பிய்ப்பதோடு சரி, அங்கே ஏலமே நடந்தது. தெருவில் நிறுத்தியிருப்பவர் தான் கிளம்பப் போகும் இடத்தை இன்னொருவருக்கு விலை பேசி விடலாம். நகரத்தின் வழக்கறிஞர் அந்த ஜூன் மாதமே நோட்டீஸ் அனுப்பினார், பொதுச்சாலை உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று நாகரிகமான ஆங்கிலத்தில். உங்கள் பொத்தானும் அதற்குப் பக்கத்து வீடுதான். பணம் கைமாறாவிட்டால் சட்டச் சிக்கல் வராமல் இருக்கலாம். ஆனால் ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாகப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கிறவர், முகம் தெரியாத ஒருவருக்காக போனை எடுத்துப் பொத்தானை அழுத்துவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

சென்சாருக்கும் அதே ஊர்தான் பாடம். எஸ்எஃப் பார்க் என்று 2011ல் தொடங்கி, சாலையோர இடங்களில் எட்டாயிரத்துக்கும் மேல் சென்சார் பதித்தார்கள். மத்திய அரசு மானியம் வேறு. பேட்டரி தீரத் தீர, 2013 முடிவில் நிறுத்திவிட்டார்கள். அதில் உருப்படியாகத் தேறியது விலையை மாற்றும் முறை. ஒரு தெருவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிரம்பினால் மணிக்கு 25 சென்ட் கூட்டுவார்கள், அறுபதுக்குக் கீழே போனால் குறைப்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பேராசிரியர் டொனால்டு ஷூப் அதற்கு முன்பிருந்தே சொல்லிவந்தது அதுதான்: எட்டு இடத்துக்கு ஒன்று எப்போதும் காலியாக இருக்கிற மாதிரி விலை வை, தேடி அலைவது தானாக நிற்கும். நம்மூரில் அருவிக்கரையில் மணிக்கொரு விலை சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். அங்கே சென்ட் என்றால் காசு, நமக்கு நிலம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்து சென்ட் மனை என்றால் ஏறத்தாழ 405 சதுர மீட்டர். திறந்தவெளியில் ஒரு காருக்கு, வந்து திரும்பும் வழியும் சேர்த்து, 23 சதுர மீட்டர் என்று கட்டட விதிகளில் கணக்கு வைக்கிறார்கள். பதினேழு கார். நாளைக்கு மூன்று முறை மாறினால் 51. இப்படிப் பத்து மனை உங்களிடம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 510 வண்டி, ஐந்து ரூபாய் வீதம் 2,550. மனை முழுக்க நிரம்புவது சீசனில் சனி ஞாயிறுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இருபத்தாறு நாள் என்று வைத்தால் 66,300 ரூபாய். வருகிற ஒவ்வொரு வண்டியும் உங்கள் ஆப் வழியாக வந்தால் இது. பத்தில் ஒன்று வந்தால் 6,630. மூன்று லட்சத்தை அப்பாவிடம் திருப்பிக் கொடுக்க நாற்பத்தைந்து சீசன் ஆகும். சாரல் பொய்த்த வருஷங்களை இதில் நான் சேர்க்கவில்லை.

அப்புறம், ஏலம். பேரூராட்சிகளில் வாகனக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவது வழக்கம். ஏலம் எடுத்த எவருக்கும், எத்தனை வண்டி வந்தது என்பது வெளியே தெரிவதில் விருப்பம் இருக்காது. தெரிந்தால் அடுத்த வருஷம் போட்டியாளர் ஏற்றிக் கேட்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, என் அப்பாவும் கல்லாவை யாரும் எட்டிப் பார்க்க விட்டதில்லை. நீங்கள் அவரிடம் போய், உங்கள் எண்ணிக்கையை ஊருக்கே பச்சைப் புள்ளியாகக் காட்டப் போகிறேன் என்றால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

தனியார் மனைக்காரர் கதை வேறு. என் உறவுக்காரர் ஒருவருக்கு ஐந்தருவிச் சாலையில் பன்னிரண்டு சென்ட் கிடக்கிறது. அவர் இருப்பது பெங்களூரில். சீசனுக்கு ஒரு பையனை நிறுத்தி வசூல் பண்ணுகிறார். ராத்திரி போனில், "இன்னைக்கு எத்தனை?" "முப்பத்தெட்டு, மாமா." முப்பத்தெட்டா, ஐம்பதா என்று அவருக்குத் தெரியாது. ரசீதுப் புத்தகம் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டது என்று ஒரு வருஷம் பதில் வந்தது. நனைந்திருக்கலாம், சாரல்தானே. ஆனாலும் அந்த மாமாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி, உங்கள் ஆள் இவர்தான். வண்டி ஓட்டி வருகிறவர் ஐந்து ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பார். இவர் மாசம் ஆயிரம் ரூபாய் சந்தோஷமாகக் கொடுப்பார். உள்ளே வரும்போது பையன் நம்பர் பிளேட்டை போனில் ஒரு படம் எடுக்கிறான், பணம் க்யூஆர் அட்டை வழியாக நேரே மாமா கணக்குக்குப் போகிறது, வெளியே போகும்போது இன்னொரு தட்டு. வந்தது கழித்தல் போனது, எத்தனை இடம் காலி என்பது தானாகக் கிடைத்துவிடும். சென்சார் எதற்கு? படம் எடுக்கும்போதே பையன், "எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டு ஒன்று, இரண்டு, சாயங்காலம் என்று ஏதாவது ஒன்றைத் தட்டட்டும். இரண்டு மணி நேரத்தில் கிளம்புகிறவரை முன்னால், சாயங்காலக்காரரைப் பின்னால் விட்டால் பதினேழு நிற்கிற இடத்தில் இருபதுக்கு மேல் நிற்கும். கூடுதலாக வரும் அந்த நாலு வண்டிக்காக மாமா உங்களை விடவே மாட்டார்.

இப்படிப் பத்து மனை உங்கள் கைக்கு வந்த பிறகு மேப்பைத் திறந்துவிடுங்கள், ஓட்டி வருகிறவர்களுக்கு இலவசமாக. அப்போது அந்தப் புள்ளிக்குப் பின்னால் கயிறு பிடிக்க ஒரு ஆள் இருப்பான். இந்தியாவில் இந்தத் தொழிலில் இறங்கியவர்களும் வண்டி நிறுத்துவதோடு நிற்கவில்லை. பார்க் பிளஸ் ஆப்பைத் திறந்து பாருங்கள், ஃபாஸ்டேக் ரீசார்ஜ், அபராதச் சலான், இன்சூரன்ஸ் என்று கடை விரித்திருப்பார்கள். இடம் தேடித் தருவதில் மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே வருகிறவருக்கு முதலில் வேண்டியது இடமும் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி கொல்லத்திலும் கோவில்பட்டியிலும் இருந்து எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே கேள்வி: "தண்ணி விழுதா?" விழுந்தாலும் குளிக்க விடுகிறார்களா? பேரருவியில் வெள்ளம் வந்து தடை போட்டால் அத்தனை வண்டியும் அரைமணியில் பழைய குற்றாலத்துக்கும் புலியருவிக்கும் திரும்பும். பேரருவிப் பக்கத்து மனை காலி, ஐந்தருவியிலும் தடை வந்தால் அங்கேயும் காலி. அதை முதலில் சொல்கிற ஆப்பைத்தான் ஜனம் போனில் வைத்திருக்கும். உங்கள் மனைக்காரப் பையன்கள் பத்துப் பேரும் அருவிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். காலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு படம் அனுப்பினால் போதும்.

வீட்டுக் காலண்டரோடு மலையாளக் காலண்டர் ஒன்றையும் மாட்டிவையுங்கள். ஓணம் என்றைக்கு, இரண்டாம் சனி என்றைக்கு என்று தெரியாமல் இந்தத் தொழில் நடக்காது. கேரளத்தில் அரசு அலுவலகங்களுக்கு இரண்டாம் சனி லீவு. கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை இன்னொரு சீசன். அது வேறு மாதிரி. அச்சன்கோவில், ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகும் சாமிமார் நடுராத்திரி இரண்டு மணிக்கு வேனில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குக் கார் அளவு கட்டம் போதாது. அடுப்பு மூட்ட இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, படுக்க ஒரு தகரக் கொட்டகை. அந்தப் பன்னிரண்டு சென்ட்டில் இதையெல்லாம் செய்துகொடுத்தால் வண்டிக்கு ஐந்து ரூபாய் என்ற பேச்சே எழாது.

ஆரியங்காவு, தென்மலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எஸ் வளைவு ஏறினதும் என் போனில் சிக்னல் வந்து வந்து போகும். எல்லை தாண்டினால் பஞ்சாயத்து வேறு, ரசீது வேறு. 1956 நவம்பர் வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சிதான், அந்த உரிமையில் கேட்கிறேன் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று லட்சத்தை அப்பாவிடமே இருக்க விடுங்கள். இந்த முதல் கட்டத்துக்கு உங்கள் லேப்டாப்பும் பழைய போன் ரெண்டும் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. மாமாவிடம் பேசிவிட்டேன். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பன்னிரண்டு சென்ட்டுக்கு வாருங்கள், பையனோடு சாயங்காலம் வரை நில்லுங்கள். குடை வேண்டாம், இரண்டு கையும் வேண்டியிருக்கும், தொப்பி போதும். விசில் அவனிடம் இருக்கிறது. "சேட்டா, எப்போழா எடுக்குந்நது?" என்பதை மட்டும் பஸ்ஸில் வரும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸிலேயே வாருங்கள், தம்பி. காரில் வந்தால் போட இடம் இருக்காது.

அன்புடன்,
அண்ணாச்சி