ஊர்ல அப்பா அம்மா, கையில ஓசிஐ கார்டு: அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

செக்யூரிட்டி கிளியரன்ஸ்னா அரசாங்க ரகசியங்களப் பாக்க அமெரிக்க அரசு குடுக்கற அனுமதி. அது கிடைக்கலாம், ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்கங்கறதுக்காக மட்டும் உங்க விண்ணப்பத்த யாரும் தூக்கி எறிய மாட்டாங்க. கிளியரன்ஸ் யாருக்குக் குடுக்கலாம்னு சொல்ற, 2017 ஜூன்ல அமலுக்கு வந்த சீட்-4 (SEAD 4) விதிகள்ல "ஃபாரின் இன்ஃப்ளூயன்ஸ்" (வெளிநாட்டுச் செல்வாக்கு)னு ஒரு பகுதி இருக்கு, அதுல அவங்க பாக்குறது, உங்க அப்பாவ வச்சு உங்கள யாராவது மிரட்டவோ வளைக்கவோ முடியுமாங்கறதுதான். அதனால எந்த நாடு, அப்பா என்ன வேலை பாத்தார், எல்லாமே கணக்கு. ரிட்டயர்டு வாத்தியார் வேற, ராணுவத்துலயோ உளவுத்துறையிலயோ இருந்தவர் வேற.

இரட்டைக் குடியுரிமை தனி விஷயம். முன்னாடி வெளிநாட்டு பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணுன்னு அடம்பிடிப்பாங்க, இப்ப அது இருக்கறதே தப்பில்ல, ஆனா மறைக்கக் கூடாது, அமெரிக்காவுக்குள்ள வரப்போக அத நீட்டவும் கூடாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையே தர்றதில்ல, ஓசிஐ (Overseas Citizen of India) பேருலதான் சிட்டிசன், நிஜத்துல ஆயுட்கால விசா மாதிரி. இலங்கைக்காரங்களுக்கு நிஜமாவே ரெண்டும் இருக்கலாம், அவங்க இத கவனிக்கணும்.

நிறைய பேர் சொதப்புறது கிளியரன்ஸுக்காக நிரப்புற எஸ்எஃப்-86 (SF-86) ஃபார்ம்லதான். வாட்ஸ்அப்ல வாராவாரம் பேசுற வெளிநாட்டு நண்பர், அம்மாவோட ஜாயின்ட் அக்கவுண்ட், உங்க பேர்ல இருக்கற ஃபிளாட், எல்லாத்தையும் எழுதிடுங்க. சித்தப்பா பையன விட்டுட்டோமேன்னு பின்னாடி ஞாபகம் வந்தா விசாரணை அதிகாரி கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.