ஆர்.சி. என் பேர்ல, ஆப் அவர் போன்ல

கேள்வி: அக்கா வணக்கம், பேர் போட வேண்டாம், ஊரு திருமங்கலம் பக்கம்னு மட்டும் போடுங்க. மதுரையில ஒரு தனியார் காலேஜ்ல வேலை பாக்குறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி 12 லட்சத்துக்கு கார் எடுத்தோம். லோன் என் பேர்ல, ஆர்.சி. என் பேர்ல, ஈ.எம்.ஐ. என் சம்பளத்துல தான் போகுது. வீட்டுக்காரர் கை நீட்டுறது தாங்க முடியாம ரெண்டு மாசம் முன்னாடி அம்மா வீட்டுக்கு வந்துட்டேன், வண்டியும் எடுத்துட்டு வந்தேன். இப்ப நான் எங்க போனாலும் அவருக்கு தெரியுது. கப்பலூர் டோல் தாண்டி அஞ்சு நிமிஷத்துல "மதுரைக்கு கிளம்பிட்டியா"ன்னு மெசேஜ் வருது. ஒத்தக்கடையில ஒரு தோழி வீட்டுக்கு போனா அந்த தெருமுனையில வந்து நிக்கிறாரு. ராத்திரி ஒன்றரை மணிக்கு வாசல்ல நிக்கிற வண்டி தானா ஹாரன் அடிக்குது, லைட்டு மின்னுது, எங்க அப்பா பேய் கீய் பிடிச்சிருச்சோன்னு துன்னூறு பூசி விடுறாரு. கஸ்டமர் கேருக்கு போட்டா "பிரைமரி யூசர் நம்பருக்கு ஓ.டி.பி. போகும் மேடம், அதை சொல்லுங்க"ங்கிறாங்க. அந்த நம்பரே அவரோடது தான். வண்டியை வித்துரவா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போகலாமா?

பதில்: தங்கச்சி, மொதல்ல ஒண்ணு, இதை எந்த போன்ல படிக்கிறீங்க? அவர் வாங்கிக் கொடுத்த போனு, இல்ல அவருக்கு லாக் தெரிஞ்ச போனுன்னா மூடி வச்சிட்டு அம்மா போன்லயோ காலேஜ் கம்ப்யூட்டர்லயோ படிங்க. ரெண்டாவது, ஆத்திரத்துல இன்னைக்கே எதையும் கட் பண்ணிறாதீங்க. மேப்ல ஓடிக்கிட்டு இருந்த புள்ளி திடீர்னு காணாம போனா அவருக்கு உடனே தெரிஞ்சிரும், இம்புட்டு நாள் போன்ல பாத்துக்கிட்டு இருந்த ஆளு நேர்ல கிளம்பி வந்துருவாரு. அதனால ஒரு நாள் குறிச்சுக்கிட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணணும்.

டெலிவரி அன்னைக்கு என்ன நடந்திருக்கும்னு நான் பாக்காமலே சொல்லுவேன். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம், பானட்ல மாலை, பெரிய அட்டைச் சாவியை உங்க ரெண்டு பேர் கையிலயும் கொடுத்து போட்டோ. அப்புறம் ஷோரூம் பையன் "சார், உங்க போனை கொடுங்க"ன்னு வாங்கி, ஆப்பை இறக்கி, சேசிஸ் நம்பரை போட்டு, ஓ.டி.பி. அடிச்சு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பான், நீங்க பாண்டி கோயிலுக்கு பூஜைக்கு நேரமாச்சேன்னு பக்கத்துல நின்னுருப்பீங்க. லோன் பேப்பர்ல அம்புட்டு கையெழுத்தும் நீங்க போட்டது, ஆனா வண்டி யார் பேச்சை கேக்கும்னு முடிவானது அந்த ரெண்டு நிமிஷத்துல. சரியாத்தான் ஆப்புன்னு பேர் வச்சிருக்காங்க.

இப்ப வர்ற பல கார்ல உள்ளுக்குள்ளயே ஒரு இ-சிம், அதாவது வண்டியோடவே பதிச்சு வச்ச சிம், இருக்கு. ஹூண்டாய் ப்ளூலிங்க், கியா கனெக்ட், எம்ஜி ஐ-ஸ்மார்ட், டாடா ஐரா, மஹிந்திரா அட்ரினோஎக்ஸ், சுசுகி கனெக்ட்னு பேரு தான் வேற வேற, வேலை ஏறக்குறைய ஒண்ணு தான். வண்டி கம்பெனி சர்வர்கிட்ட பேசும், சர்வர் ஆப்கிட்ட பேசும். சாவி யார்கிட்ட இருக்கு, ஆர்.சி. யார் பேர்ல இருக்குன்னு அது பாக்கவே பாக்காது, அக்கவுண்ட் யாரோடதுன்னு மட்டும் தான் பாக்கும். வண்டி நிக்கிற இடம், ஓடின ட்ரிப், ஒரு வட்டம் போட்டு வச்சு அதை தாண்டினா அலர்ட், கதவு லாக், மாடலை பொறுத்து ஏ.சி., இன்ஜின் ஸ்டார்ட் வரைக்கும் அதுல இருக்கும். பார்க்கிங்ல வண்டியை தேடுறதுக்குன்னு ஹாரன், லைட்டு பட்டன் ஒண்ணு இருக்கும், உங்க அப்பா துன்னூறு பூசுறது அதுக்குத்தான்.

ஆனா நீங்க எழுதின மூணு சம்பவமும் ஒரே ஓட்டையில இருந்து வர்ற மாதிரி எனக்கு தெரியல. ஹாரன் ஆப்போட வேலை, சந்தேகமே இல்ல. கப்பலூர் மெசேஜ் ஃபாஸ்டேக்கா இருக்கவும் நல்ல வாய்ப்பு இருக்கு, ஏன்னா டேக் வாங்கினப்ப கொடுத்த நம்பருக்கு தான் காசு எடுத்த எஸ்.எம்.எஸ். போகும், எந்த டோல், எத்தனை மணின்னு எல்லாம் அதுல வரும். கப்பலூரை விட்டுட்டு சிட்டம்பட்டி பக்கமோ எலியார்பத்தி பக்கமோ போனாலும் இதே கதை தான். ஒத்தக்கடை தெருமுனை வரைக்கும் டோல் எஸ்.எம்.எஸ். சொல்லாது, அது ஆப்பு, இல்லைன்னா தனியா ஒளிச்சு வச்ச ஜி.பி.எஸ். டிராக்கர். ஆப்பை மட்டும் எடுத்துட்டு அக்கடான்னு உக்காந்தீங்கன்னா மத்த ரெண்டு வழியும் திறந்தே கிடக்கும்.

அதனால மொதல்ல ஆதாரம். ஹாரன் அடிக்கிறதை சுவர்க்கடிகாரம் தெரியிற மாதிரி வீடியோ எடுங்க, மெசேஜ் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மா போனுக்கு அனுப்புங்க, அவரை இப்போதைக்கு பிளாக் பண்ண வேண்டாம், ஒரு நோட்டுல தேதி, நேரம், நடந்தது மூணையும் எழுதிக்கிட்டே வாங்க. அந்த கையோட 181க்கு போன் போடுங்க, பெண்களுக்கான ஹெல்ப்லைன். வக்கீலுக்கு காசுக்கு எங்க போறதுன்னு யோசிக்காதீங்க, பெண்களுக்கு வருமானம் எம்புட்டுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, மதுரை கோர்ட் வளாகத்துல இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேர்ல போங்க, இல்ல 15100க்கு அடிங்க.

குறிச்ச நாள்ல வண்டி அம்மா வீட்டு வாசல்லயோ சர்வீஸ் சென்டர்லயோ நிக்கணும். அவர் கடைசியா பாக்குற புள்ளி அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச இடமா இருக்கட்டும், தோழி வீடோ புதுசா பாத்து வச்ச ரூமோ வேண்டவே வேண்டாம். கம்பெனிக்கு போன்ல கெஞ்சுறதை விட்டுட்டு மெயில் போடுங்க, அவங்க வெப்சைட்ல குறைதீர்ப்பு அதிகாரி மெயில் இருக்கும். ஆர்.சி. காப்பி, ஆதார், சேசிஸ் நம்பர் வச்சு இப்படி எழுதுங்க: "இந்த வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளர் நான். என் சம்மதம் இல்லாமல் வேறொருவர் கணக்கு மூலம் என் வண்டி கண்காணிக்கப்படுகிறது. அந்தக் கணக்கையும் அதில் சேர்ந்த எல்லா பயனர்களையும் நீக்கி, என் எண்ணுக்கு மாற்றித் தரவும். என் புது எண் பழைய பயனருக்குத் தெரியக்கூடாது." கடைசி வரியை விட்டுறாதீங்க, மாத்தினதும் பழைய ஆளுக்கு நோட்டிபிகேஷன் போறது உண்டு. எந்த தேதியில மாத்துவீங்கன்னு கேட்டு வாங்கிட்டு அதுக்கு தக்கன நாளை குறிங்க.

யூடியூப் பாத்துட்டு ஸ்கிரீன்ல பேக்டரி ரீசெட் அடிச்சா தீந்துச்சுன்னு நினைக்காதீங்க. ப்ளூடூத்ல சேர்ந்த போனு, காண்டாக்ட், மேப்ல போட்ட அட்ரஸ் எல்லாம் போகும், நல்லது தான், ஆனா கம்பெனி சர்வர்ல இருக்கிற அக்கவுண்ட் பல வண்டியில அப்படியே தான் நிக்கும். இ-சிம்முக்கு கரண்ட் போற ஃபியூஸை புடுங்கிறலாம்னு மெக்கானிக் சொல்லுவாரு, புடுங்கினா விபத்து நேரத்துல கூப்பிடுற எஸ்.ஓ.எஸ். பட்டனும் சேர்ந்து செத்துரும், வாரண்டி பஞ்சாயத்தும் வரும், அதனால அதை கடைசிக்கு வைங்க.

அதே நாள்ல ஃபாஸ்டேக்கை மூடிட்டு உங்க ஆர்.சி., உங்க நம்பர் வச்சு புதுசு வாங்குங்க. பரிவாகன்னு அரசாங்கத்தோட வண்டிப் பதிவு வெப்சைட் இருக்கு, அதுல வண்டிக்கு யார் மொபைல் நம்பர் இருக்குன்னு பாருங்க, அவரோடதுன்னா இ-சலான் எஸ்.எம்.எஸ். கூட அவருக்கு தான் போகும். கார்ல உங்க கூகுள் அக்கவுண்ட் திறந்து கிடந்தா பாஸ்வேர்டை மாத்துங்க. டேஷ்கேம் இருந்தா அதோட ஆப் யாருகிட்டன்னு பாருங்க. நம்பிக்கையான மெக்கானிக்கிட்ட விட்டு ஸ்டியரிங் அடியில இருக்கிற ஓ.பி.டி. போர்ட் (மெக்கானிக் சோதனைக் கருவி மாட்டுற சாக்கெட்), சீட்டுக்கு அடியில, பம்பர் உள்பக்கம், ஸ்டெப்னி குழி எல்லாம் தடவிப் பாக்க சொல்லுங்க, டிராக்கர் கிடைச்சா கழட்டுறதுக்கு முன்னாடி இருந்த இடத்துலயே போட்டோ. ஏர்டேக் மாதிரி குட்டி டேக் கூடவே வந்துச்சுன்னா இப்ப ஐபோன், ஆண்ட்ராய்டு ரெண்டும் தானா எச்சரிக்கும், அதை ஆஃப் பண்ணி வைக்காதீங்க. அப்புறம் அந்த ரெண்டாவது சாவி! அம்புட்டு டெக்னாலஜியும் பேசுறோம், ஸ்பேர் சாவி அவர் பீரோவுல கிடக்கும். சர்வீஸ் சென்டர்ல பழைய சாவியை வண்டி மெமரியில இருந்து எடுத்துரலாம், செலவு தான், ஆனா பண்ணிருங்க.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு தாராளமா போகலாம். மொதல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு புகார் பதிங்க, தமிழ்லயே பேசலாம், பல நேரம் அதுலயே கம்பெனி இறங்கி வந்துரும். வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் அங்கேயே போடலாம், உங்க 12 லட்சம் வண்டிக்கு பீஸ் 400 ரூபா, பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சொந்தக்காரி ஆர்.சி.யோட வந்து கேக்குறப்ப ஓ.டி.பி.யை வேற ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு வாங்கிறது சேவைக் குறைபாடு தான், என் கணிப்பு அது.

ஆனா அங்க வழக்கு நாளாகும், அவரை நிறுத்த வேண்டியது வேற கோர்ட். 2005 குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்துல மாஜிஸ்திரேட்கிட்ட பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம், அவசரம்னா அவரை கூப்பிடாமலே இடைக்கால உத்தரவு போடுற அதிகாரமும் உண்டு. அதுல "ஆப் வழியா வண்டியை பாக்கக்கூடாது, இயக்கக்கூடாது"ன்னு தனியா எழுத சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க, பொதுவா தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு மட்டும் இருந்தா நான் எங்க தொந்தரவு பண்ணேன்னு நிப்பாய்ங்க. உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 20,000 ரூபா வரைக்கும் அபராதம். வேண்டாம்னு சொன்ன பிறகும் பின்னாடியே வந்து தொடர்பு கொள்றது பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 78வது பிரிவுல வரும், முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும். மகளிர் ஸ்டேஷன்ல "கார் ஆப் பிரச்சனை"ன்னு ஆரம்பிச்சா ஷோரூமுக்கு போம்மான்னு அனுப்பிருவாங்க, "பின்தொடர்றாரு"ன்னு ஆரம்பிங்க.

அமெரிக்காவுல இது பெரிய பேச்சாகி, 2024 ஜனவரியில அங்க தொலைத்தொடர்பு ஆணையத் தலைவரா இருந்த ஜெசிகா ரோசன்வோர்செல் கார் கம்பெனிகளுக்கு கடிதம் போட்டு நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. அதே வருஷம் கலிபோர்னியாவுல சட்டமே வந்துருச்சு, பாதிக்கப்பட்டவங்க ஆதாரத்தோட கேட்டா ரெண்டு வேலை நாளுக்குள்ள கம்பெனி அந்த ஆளோட ஆப்பை துண்டிக்கணும். இங்க கார் கம்பெனிக்குன்னு அப்படி ஒரு சட்டம் இல்ல, அதான் உங்களை ஓ.டி.பி. கேட்டு அலைய விடுறாங்க.

வண்டியை விக்காதீங்க. உங்க சம்பளத்துல வாங்கினது.

கேள்வி: மகளுக்கு கல்யாணத்துக்கு முன்னாடி கார் வாங்கித் தரலாம்னு இருக்கேன். இந்த கனெக்டட் சமாச்சாரமே இல்லாத மாடலா பாக்கலாமா? – உசிலம்பட்டியில இருந்து ஒரு அப்பா

பதில்: பாக்கலாம் அண்ணே, கீழ் வேரியண்ட்ல பெரும்பாலும் இருக்காது. ஆனா வண்டி திருடு போனா, நடுராத்திரியில நின்னு போனா அது உதவும், அதனால நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆர்.சி., லோன், ஃபாஸ்டேக், ஆப் நாலும் மக நம்பர்ல இருக்கட்டும், மாப்பிள்ளை நம்பர்ல வேண்டாம், கோவிச்சுக்காதீங்க, உங்க நம்பர்லயும் வேண்டாம்.

கேள்வி: அக்கா, மேலூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன், பழைய ஓனர் ஆப்ல என் வண்டி தெரியுமா?

பதில்: அவர் அக்கவுண்ட்ல இருந்து வண்டியை எடுக்காம விட்டிருந்தா தெரியும். எனக்கே நடந்துச்சு, நான் வித்த பக்கம். வித்து ஒரு மாசம் கழிச்சு சும்மா ஆப்பை திறந்தா வண்டி திருநகர்ல ஒரு வீட்டு வாசல்ல நிக்குது, கதவு லாக் பட்டன் என் கட்டை விரலுக்கு அடியில இருக்கு, எனக்கே பக்குன்னு ஆயிருச்சு. அந்த கம்பெனிக்கு மூணு தடவை போன் பண்ணியும் எடுத்து விடல. கடைசியில வாங்கினவரையே கூட்டிக்கிட்டு, பேர் மாத்தின ஆர்.சி.யோட சர்வீஸ் சென்டருக்கு போயி உக்காந்து, என் அக்கவுண்டை எடுத்து அவர் நம்பரை போட வச்சோம். வண்டி வாங்குறவங்க யாரா இருந்தாலும், ஆர்.சி. பேர் மாத்துறதுக்கான 29, 30 பாரம் கையெழுத்து வாங்குறப்பவே அவர் போன்ல ஆப்பை திறக்க சொல்லி உங்க கண் முன்னாடி வண்டியை நீக்க சொல்லுங்க. உங்களை மாதிரி ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா பேர் மாறின ஆர்.சி.யை எடுத்துட்டு நேரா சர்வீஸ் சென்டர். திருநகர்க்காரர் வெளிய வந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாரு, "ஏம்மா, ஒரு மாசமா நான் எங்க போனேன்னு பாத்தீங்களா"ன்னு மட்டும் ஒரு தடவை கேட்டுக்கிட்டாரு.