பிளக் மாத்தியும் மொறிஸ் மைனர் மிஸ் அடிக்குதெண்டால்

நாலு பிளக்கும் புதுசு, எண்டாலும் உங்கட மைனர் 1000 ஐடிலிங்கில (சும்மா நிண்டு ஓடேக்கை) குலுங்குது, ஒரு சிலிண்டர் சரியா எரியாமல் மிஸ் அடிக்குது எண்டு எழுதியிருக்கிறியள். இனி ஒண்டும் வாங்காதேங்கோ, முதல் எந்தச் சிலிண்டர் எண்டு பிடியுங்கோ. எஞ்சின் ஓடேக்கை, ரப்பர் பிடி போட்ட குறட்டால பிளக் வயரை ஒவ்வொண்டாய்க் கழட்டி உடனே கொழுவுங்கோ. எதைக் கழட்டியும் ஓட்டம் மாறேல்லையோ, அதுதான் பிழை. ரேடியேற்றர் பக்கம் இருக்கிறது 1ஆம் சிலிண்டர். டிஸ்ரிபியூட்டரில (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு அனுப்பிற பெட்டி) வயர் கொழுவிற ஒழுங்கு 1-3-4-2.

அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாத்துங்கோ. பிழையும் கூடப் போனால் பிளக்தான், புதுசையும் நம்பேலாது. போகேல்லையெண்டால் வயர், பிறகு டிஸ்ரிபியூட்டர் மூடி. எங்கட உப்புக்காத்துக்கும் மாரி ஈரத்துக்கும் மூடிக்குள்ள களிம்பு பிடிக்கும், துடைச்சால் போகும். பென்சில் கீறு மாதிரிக் கறுப்புக் கோடு கிடந்தால் மூடியை மாத்தத்தான் வேணும். பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடிற தொடுமுனை) இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. பொயின்ற் கருகிக் குழி விழுந்திருந்தால் கொண்டென்சரை (பொயின்றில பொறி பறக்கிறதைக் குறைக்கிற சின்ன உருளை) சந்தேகியுங்கோ.

1, 2 சேர்ந்து மிஸ் அடிச்சால், ரெண்டுக்கும் இன்லெற் வாய் (பெற்றோலும் காத்தும் உள்ள போற வழி) ஒண்டுதான், அதில காத்துக் கசியலாம். மனிபோல்ட் குழாய் எஞ்சினோட பொருந்திற இடத்துக் கஸ்கற்றில (அடைப்புத் தகடு) தண்ணி விசிறிப் பாருங்கோ, ஓட்டம் மாறினால் அதாலை காத்து இழுக்குது. பெற்றோல் விசிறவே வேண்டாம், சூடான எக்ஸோஸ்ற்றும் அதே பக்கம்! 2, 3 சேர்ந்து மிஸ் அடிச்சால் கொம்பிரசன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்) பாருங்கோ. ரெண்டிலயும் குறைஞ்சிருந்தால் அந்த ரெண்டுக்கும் நடுவில ஹெட் கஸ்கற் (எஞ்சின் புளொக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் இடையில இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும்.